தாவாமல் கேட்ட கசெற்றுகள்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த இசைத்தொகுப்புகளில் பிடித்தவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு ஒரு சிக்கல் உண்டு. தொகுப்பு என்று நாங்கள் எதைக் கேட்டோம்? அட்டைப்படமும் பின்பக்கத்தில் பாடகர் விபரமும் உள்ள எல்பி தட்டு ஊருக்கு ஓரிரண்டு வீட்டில் இருந்திருக்கும். மற்ற எல்லாருக்கும் கசெற்றில் பாட்டுப் பதிந்து தரும் கடையான றெக்கோடிங் பார்தான். கொப்பி ஒற்றையைக் கிழித்துப் பாட்டுகளின் பெயரை எழுதிக்கொண்டுபோய்க் கொடுப்போம். ‘நாளையிண்டைக்கு வாரும் தம்பி’ என்பார் கடைக்காரர். நாளையிண்டைக்குப் போனால் இன்னும் பதியவில்லை என்பார். ஒருவழியாகக் கசெற் கைக்கு வரும்போது நாங்கள் எழுதிக் கொடுத்த ஒழுங்கு அதில் இருக்காது. இரண்டு சோகப் பாட்டு அடுத்தடுத்து வரக்கூடாது, ஒரு பக்கம் டூயட்டில்தான் முடியவேண்டும் என்று அவருக்கும் சில கொள்கைகள் இருந்தன. இசையமைப்பாளர் பாதி, கடைக்காரர் பாதி என்றுதான் எங்கள் தொகுப்புகள் உருவாகின.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த நண்பனுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. தொலைபேசியில் பத்தை எழுதி வைத்திருந்தான். ஃப்ளீட்வுட் மக்கின் ‘ரூமர்ஸ்’, ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’, மைக்கல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’, பிங்க் ஃபுளொய்டில் இரண்டு, டயர் ஸ்ட்ரெயிட்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’, இப்படியே போய், இடையில் கறிவேப்பிலை மாதிரி இளையராஜா ஒன்று. எல்லாம் நல்ல இசைதான், மறுக்கவில்லை.

‘மச்சான், இது உன்ர லிஸ்ற் இல்லை. அங்க போய்ச் சம்பளம் எடுக்கத் தொடங்கின பிறகு வாங்கின லிஸ்ற்’ என்றேன்.

‘அப்ப நீ உன்ரயைச் சொல்லன்.’

சொன்னேன். அன்று விறாந்தையில் தேத்தண்ணி ஆறஆறச் சொன்னதில் பாதியை அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவுகோல். படம் ஓடியதா, விருது கிடைத்ததா, எத்தனை இலட்சம் விற்றது என்பதெல்லாம் எனக்குக் கணக்கில்லை. ஒரு பக்கத்தைப் போட்டால் எந்தப் பாட்டையும் தாவாமல் கடைசிவரை கேட்க முடிந்ததா என்பது ஒன்றுதான். இது இன்று யோசித்துக் கண்டுபிடித்த அளவுகோல் அல்ல. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபின் குடாநாட்டில் கரண்ட் இல்லாமல் போயிற்று. பெற்றறி தடைசெய்யப்பட்ட பொருள்களோடு போய்ச் சேர்ந்தது. இரவுக்கு ஜாம் போத்தல் விளக்கு. கையில் மிஞ்சியிருந்த பழைய பெற்றறிகளை வெயிலில் காயப்போட்டு, அதிலிருந்து இன்னும் நாலு பாட்டு கறக்கப் பார்த்தோம். அதுவும் செத்த பிறகு சைக்கிள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின் சில்லில் முட்டவிடவேண்டும். லைற் எரிப்பதற்கென்று செய்த டைனமோ அது, 6 வோல்ட், 3 வாட். நாலு பெற்றறி போடும் பிளேயருக்கும் வேண்டியது அதே 6 வோல்ட்தான். ஆனால் டைனமோவில் வருவது ஏசி, பிளேயர் கேட்பது டிசி. அதற்கு நாலு டயோட்டும் ஒரு பெரிய கபாசிட்டரும் வேண்டும். பழுதான றேடியோ எதையாவது பிரித்தால் இரண்டும் கிடைக்கும். பிறகு ஒருவர் குந்தியிருந்து மிதிகட்டையைக் கையால் சுற்ற, மற்றவர்கள் கேட்பார்கள். றேடியோவுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், பிபிசி செய்தி சுகமாகக் கேட்கலாம். கசெற் என்றால் மோட்டர் ஓடவேண்டும், அது கையைக் கேட்கும். சுற்றுகிறவர் களைத்தால் ஜானகி மெல்லமெல்ல ஜேசுதாஸ் ஆகிவிடுவார். ‘டேய், சுத்தடா!’ என்று சத்தம் போட்டால் திரும்ப ஜானகி வருவார்.

அந்த நிலைமையில் ஃபாஸ்ட் ஃபோர்வேட் அழுத்துவது வீண்செலவு. ரிவைண்ட் பண்ணுவதற்கு ஆறுபட்டைப் பேனை இருந்தது. கசெற்றின் பல்லுச் சில்லுக்குள் விட்டுச் சுழற்றினால் ஓடும். முன்னுக்குத் தள்ளவும் அதே பேனைதான், ஆனால் கசெற்றை வெளியே எடுத்து, எங்கே நிற்கிறது என்று தெரியாமல் சுழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்து... அதைவிடப் பிடிக்காத பாட்டைக் கேட்டுத் தொலைக்கலாம். பிடிக்காத பாட்டுக்காகக் கை வலிக்கச் சுற்றுவதா என்ற கேள்வியும் வரும். ஆகவே தாவவேண்டிய பாட்டே இல்லாத கசெற்றுகள் மட்டும் மேசைக்கு வந்தன. மற்றவை அலுமாரியில் தூங்கின. இதைவிடக் கடுமையான நடுவர் குழு எந்தச் சஞ்சிகையிலும் இருந்திருக்காது.

பத்திலிருந்து ஒன்றுக்கு எண்ணிக்கொண்டு வரும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. முதலாவதை முதலே சொல்லிவிடுகிறேன்.

முதலிடம் ‘ஜானி’க்கு. சரியாகச் சொன்னால், ஒரு பக்கம் ‘ஜானி’யும் மறுபக்கம் ‘நிழல்க’ளும் உள்ள என் 60 நிமிடக் கசெற்றுக்கு. இரண்டும் 1980இல் வந்தவை, இரண்டும் இளையராஜா. அந்தக் காலத்துப் படமொன்றில் நாலைந்து பாட்டு, கூட்டிப் பார்த்தால் இருபது இருபத்தைந்து நிமிடம். 60 நிமிடக் கசெற்றில் பக்கத்துக்கு 30. ஒரு படத்துக்கு ஒரு பக்கம் என்று கணக்கு அழகாக விழும். இந்தக் கணக்கினால் எங்கள் தலைமுறைக்குப் படங்கள் சோடி சோடியாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. வேறொரு வீட்டில் ‘ஜானி’க்குப் பின்னால் ‘உதிரிப்பூக்கள்’ இருந்தது. அங்கே போய்க் கேட்கும்போதெல்லாம் எனக்கு இருக்கை கொள்ளாது.

‘ஜானி’யின் ஐந்து பாட்டில் நாலைப் பாடியவர்கள் நாலு பெண்கள். ஜென்சி, ஜானகி, சுஜாதா, எஸ். பி. சைலஜா. ஐந்தாவது எஸ். பி. பாலசுப்ரமணியம். ஒரே குரல் இரண்டு தரம் வருவதில்லை. படத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் இன்னொரு வேடிக்கை தெரியும். கதையில் ஸ்ரீதேவி ஒரு பாடகி, பெயர் அர்ச்சனா. அந்த ஒரு பாடகிக்கு ‘என் வானிலே’யில் ஜென்சியின் குரல், ‘காற்றில் எந்தன் கீத’த்தில் ஜானகியின் குரல், ‘ஒரு இனிய மனது’வில் அப்போது பதின்ம வயதிலிருந்த சுஜாதாவின் குரல். கணக்குப்படி பார்த்தால் இது பெரிய பிழை. ஆனால் ஒருவராவது குறை சொல்லி நான் கேட்டதில்லை. பாடுகிறவளின் மனநிலை மாறும்போது குரலும் மாறிவிடுகிறது, அவ்வளவுதான் என்று காது எடுத்துக்கொள்கிறது. ஜென்சியின் குரலில் ஒரு தயக்கம் இருக்கும், மேடைக்கு வெளியே தனக்குத்தானே பாடுகிற மாதிரி. ஜானகி வரும்போது அந்தத் தயக்கம் போய்விடும். மழையும் காற்றும் எழுந்து நிற்கிற பாட்டு அது. சைக்கிள் சுற்றுகிறவர் அந்தப் பாட்டில் மட்டும் களைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மறுபக்கம். ‘நிழல்கள்’ ஓடாத படம். பாட்டுகளோ இன்றுவரை ஓடுகின்றன. வைரமுத்து சினிமாவுக்கு எழுதிய முதற்பாட்டு ‘இது ஒரு பொன்மாலைப் பொழுது’ இதில்தான். ‘மடை திறந்து’வும் ‘பூங்கதவே’யும் இதில்தான். இவற்றுக்கும் மேலே ஜானகியின் ‘தூரத்தில் நான் கண்ட உன் முகம்’. அது படத்தில் இல்லை. படத்தைப் பார்த்தவனுக்குக் கிடைக்காத பாட்டு கசெற் வைத்திருந்தவனுக்குக் கிடைத்தது. தொகுப்பு என்பதைப் படத்தின் விளம்பரத் துண்டாக அல்லாமல் தனி ஆக்கமாகப் பார்க்கலாம் என்பதற்கு எனக்கு இந்த ஒரு பாட்டு போதும்.

நாலு பாட்டு முடிந்தால் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சும். வெறும் நாடாவை விட்டுக் கொடுப்பது கடைக்காரருக்கு மானப்பிரச்சினை. எனக்கு அதில் ‘மூடுபனி’யிலிருந்து ஜேசுதாஸின் ‘என் இனிய பொன் நிலாவே’யைப் போட்டிருந்தார். அதுவும் 1980. அது இளையராஜாவின் நூறாவது படம் என்பதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி. நான் கேட்காத பாட்டு, கடைக்காரர் தானாகத் தந்தது. ஆனால் இப்போது இணையத்தில் ‘நிழல்கள்’ பாடல்களைப் போட்டுக் கேட்டு, நாலாவது முடிந்து அந்தக் கிற்றார் தொடங்காவிட்டால் பக்கம் முடிந்ததாகவே எனக்குப் படுவதில்லை.

‘ரண்டு படத்தை ஒரு இடத்தில வைக்கிறது கள்ள விளையாட்டு’ என்றான் நண்பன்.

‘கசெற் ஒண்டுதானே’ என்றேன்.

இரண்டாமிடம் அவனை நெற்றி சுருக்க வைத்தது. அது ‘சக்தி’ என்ற இசைக்குழுவின் தொகுப்பு. ஜோன் மக்லொக்ளின் கிற்றார், எல். சங்கர் வயலின், ஸாகிர் ஹுசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம். 1975 ஜூலையில் நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் நேரடியாகப் பதிந்து, 1976இல் வெளியிட்டார்கள். பாட்டு என்று ஒன்றும் இல்லை, மூன்று உருப்படிகள்தான். முதலாவது பதினெட்டு நிமிடம், நடுவில் சின்னதாக ஒன்று, மூன்றாவது ஏறக்குறைய அரைமணித்தியாலம். தாவுவதற்கு இடமே இல்லாத தொகுப்பு!

இதில் வயலின் வாசித்த சங்கர் யார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அவருடைய தகப்பனார் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். பிள்ளைகள் சின்ன வயதில் வளர்ந்ததும் இங்கேதான். 1958 கலவரத்தோடு குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. அந்த வீட்டிலிருந்து வந்த மூன்று சகோதரர்களில் எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் வயலினோடு உலகம் சுற்றினார்கள். மூத்தவர் எல். வைத்தியநாதன் சினிமாவுக்கு இசையமைத்தார். அவரிடம் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

இந்த இசை எங்கள் வீட்டுக்கு வந்த வழியையும் சொல்லவேண்டும். புதுக் கசெற் கிடைக்காத காலம் அது. ஜேர்மனியிலிருந்து மாமா கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்புவார். அயல் அட்டை எல்லாரும் வந்து கூடிக் கேட்பார்கள், அம்மம்மா இரண்டு தரம் கேட்பார். பிறகு அந்தக் கசெற் பாட்டுப் பதிய வந்துவிடும். மேல்விளிம்பில் உடைத்திருக்கும் சின்னப் பல்லின் ஓட்டையில் செலோரேப் ஒட்டினால் திரும்பப் பதியலாம். பல்கலைக்கழகத்தில் படிப்பித்த ஒருவர் லண்டனிலிருந்து கொண்டுவந்த பிரதியிலிருந்து ‘சக்தி’யை மாமாவின் கசெற்றில் ஏற்றினோம். இரண்டாம் பக்கத்தில் அந்த அரைமணித்தியால உருப்படி முடிந்து கைதட்டல் அடங்கினால், மிஞ்சியிருக்கும் நாடாவில் மாமா வருவார். ‘...அப்ப வைக்கிறன், எல்லாரும் கவனமாய் இருங்கோ.’ வெட்டினால் வெட்டியிருக்கலாம். ஒருவரும் வெட்டவில்லை.

அப்பு கோயில் மேளத்தைத் தவிர வேறொன்றையும் இசை என்று ஒத்துக்கொள்ளாதவர். திருவிழாவில் இரண்டு கூட்டம் தவில்காரர் சமா வைத்தால் விடியும்வரை கையில் தாளம் போட்டபடி குந்தியிருப்பார். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பக்கத்தில் இருந்து கேட்ட தலைமுறை. தெட்சணாமூர்த்தி மறைந்ததும் ‘சக்தி’ பதியப்பட்டதும் ஒரே வருடம், 1975. கடமும் மிருதங்கமும் தபேலாவும் மாறிமாறிக் கேள்வி கேட்டுப் பதில் சொல்கிற இடத்தில் அப்பு சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பி உட்கார்ந்தார். தாளத்தை முடித்துவைக்கும் கடைசித் தீர்மானம் விழுந்தபோது அவருடைய கையும் சரியாக விழுந்தது. ‘வெள்ளைக்காரன் தாளம் விடேல்லை’ என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பட்டம் யாருக்கும் கிடைத்ததில்லை. அந்தக் குழு 2023இல் வெளியிட்ட புதுத்தொகுப்புக்கு 2024இல் கிராமி கிடைத்தது. அப்புவின் சான்றிதழுக்குப் பிறகு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மூன்று, ‘நினைத்தாலே இனிக்கும்’. 1979, எம். எஸ். விஸ்வநாதன், பாடல்கள் கண்ணதாசன். இளையராஜா வந்து மூன்று வருடமாயிற்று, எம்எஸ்வியின் காலம் முடிந்தது என்று சந்திக்குச் சந்தி கதைத்த நேரம். அப்போது மனிதர் ஒரு டசினுக்கு மேல் பாட்டுகளை அள்ளிக் கொட்டினார். கதையே ஒரு இசைக்குழு சிங்கப்பூர் போவது பற்றியது என்பதால் பாட்டுக்கு நியாயம் தேடவேண்டியதில்லை. சிலது முழுப்பாட்டு, சிலது ஒரு நிமிடத்துத் துண்டு. ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். தமிழ்ச் சினிமாவில் ஒரு தொகுப்பு தொகுப்பாகவே யோசிக்கப்பட்டது என்று என்னால் அடித்துச் சொல்லக்கூடியது இதுதான். ‘சம்போ சிவ சம்போ’வை எம்எஸ்வியே பாடியிருக்கிறார். அந்தக் குரலில் உள்ள அலட்சியத்தை ஒரு தொழில்முறைப் பாடகரால் கொண்டுவந்திருக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு உபயோகம் இருந்தது. இங்கே ஊருக்கு ஊர் இசைக்குழு. கோயில் திருவிழாவுக்கும் பாடசாலை விழாவுக்கும் கோஷ்டி கோஷ்டியாகப் பையன்கள் கிற்றாரும் பொங்கோவுமாக ஏறுவார்கள். அவர்களுக்கு இந்தக் கசெற் பாடப்புத்தகம். ‘எங்கேயும் எப்போதும்’ தெரியாத கோஷ்டியை மேடையில் ஏற்ற மாட்டார்கள்.

நாலாவது, மேலே சொன்ன எல். வைத்தியநாதனின் ‘ஏழாவது மனிதன்’. 1982. பாட்டுகள் முழுவதும் பாரதியார். பாரதியை எல்லாரும் பாடியிருக்கிறார்கள், பெரும்பாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. வைத்தியநாதன் அந்த நிமிர்வை இறக்கிவைத்தார். ஜேசுதாஸின் ‘காக்கைச் சிறகினிலே’யில் பின்னணி எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். ‘நல்லதோர் வீணை’யைப் பாடிய ராஜ்குமார் பாரதி, கவிஞரின் கொள்ளுப்பேரன். பாரதி பாட்டு என்றால் பேச்சுப்போட்டிக்கு மனனம் செய்வது என்று நினைத்திருந்த எனக்கு இது தந்த அதிர்ச்சியைச் சொல்லி முடியாது. நண்பன் இதைக் கேட்டதே இல்லை. கேட்காமலே ‘நாலாமிடம் கூடிப்போச்சு’ என்றான்.

ஐந்தாவது அவனுடைய பட்டியலிலும் உண்டு. பிங்க் ஃபுளொய்டின் ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’, 1973. அமெரிக்காவின் பில்போர்ட் வரிசையில் 1973க்கும் 1988க்கும் இடையில் 741 வாரம் இருந்தது. இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடியும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வெட்டு இல்லை, ஆகவே தாவினாலும் எங்கே போய் விழுவோம் என்று தெரியாது. ‘ரைம்’ (நேரம்) என்ற பாட்டின் தொடக்கத்தில் ஒரு கூட்டம் மணிக்கூடுகள் ஒன்றாக அலறும். ஒலிப்பதிவாளர் அலன் பார்சன்ஸ் பழம்பொருள் கடையில் போய்ப் பதிந்து வந்தவை. முதல்தரம் அது எங்கள் வீட்டில் ஒலித்தபோது அம்மம்மா குசினியிலிருந்து ஓடிவந்து ‘ஆரடா மணி அடிக்கிறது?’ என்றார். ஷெல்லடிக் காலத்தில் திடீர்ச் சத்தத்தை யாரும் ரசிக்க மாட்டார்கள், அதனால் பிறகு அந்த இடம் வரும்போது சத்தத்தைக் குறைப்போம்.

முதற்பக்கம் கிளெயர் ரொறியின் வார்த்தையில்லாத கதறலோடு முடியும். தம்பியின் கை ஓய்கிற நேரமும் பெரும்பாலும் அதுதான். குரல் சரிந்து, பள்ளத்துக்குள் இறங்கி, பிறகு அவன் மறுகை மாற்றியதும் மேலே வரும். பல வருடம் கழித்துக் கொழும்பில் ஒழுங்கான கரண்டில் கேட்டபோது அந்தச் சரிவு இல்லாதது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இதை நண்பனிடம் சொன்னேன். தன்னிடம் நல்ல தட்டும் நல்ல பிளேயரும் இருப்பதாகவும் வந்தால் போட்டுக் காட்டுவதாகவும் சொன்னான். விஷயம் விளங்கவில்லை அவனுக்கு.

ஆறு, ‘சிந்து பைரவி’, 1985. இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது தந்தது. இது ஒரு பக்கத்துக்குள் அடங்காமல் மறுபக்கத்திலும் வழிந்தது. அயலில் ஒரு சங்கீத ரீச்சர் இருந்தார், மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தவர். சினிமாப் பாட்டென்றால் மூக்கைச் சுளிப்பார். ‘பாடறியேன்’ போய் ‘மரி மரி நின்னே’யில் முடிகிற இடத்தைக் கேட்டுவிட்டு, ‘தியாகராஜ சுவாமிகள் காம்போதியில செய்த கீர்த்தனை தம்பி இது. இவர் சாரமதியில வைச்சுப் பாடுவிக்கிறார். ஆர் குடுத்த அதிகாரம்?’ என்றார்.

‘வடிவாய்த்தானே இருக்கு ரீச்சர்?’

‘வடிவு வேற, முறை வேற.’

ஒரு கிழமை கழித்து அந்தக் கசெற்றை இரவல் கேட்டு ஆள் அனுப்பினார். திருப்பித் தரும்போது, ‘கலைவாணியே’ ஆரோகணத்தில் மட்டும் ஏறிக்கொண்டு போவதைக் கவனித்தேனா என்று கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை. பாடிக் காட்டினார். ஒரு சுரமும் இறங்கவில்லை. இந்தத் தொகுப்பில் எனக்கு ஒரு குறை உண்டு. நடுவில் ‘தண்ணித்தொட்டி’ வருகிறது. நல்ல பாட்டுத்தான், கலியாண வீட்டில் கேட்டால் நானும் ஆடுவேன். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இருப்பவற்றுக்கு நடுவில் அது வந்து குந்தும்போது கை பேனையைத் தேடும். அதனால்தான் ஆறு, இல்லாவிட்டால் மூன்று.

ஏழு, ஜமேக்காப் பாடகர் பொப் மார்லியின் ‘எக்ஸோடஸ்’, சனம் கூட்டமாக ஊரைவிட்டுப் போவது என்று பொருள். 1976 டிசம்பரில் கிங்ஸ்ரனில் வீட்டுக்குள் வைத்து அவரைச் சுட்டார்கள். இரண்டு நாள் கழித்து மேடையேறிப் பாடினார், பிறகு நாட்டை விட்டு லண்டன் போய் இதைப் பதிந்தார். 1977இல் வந்தது. முதற்பக்கம் முழுக்கக் கனம், இரண்டாம் பக்கம் ‘ஜாமிங்’கில் தொடங்கி ‘வன் லவ்’வில் முடியும் கொண்டாட்டம். இங்கே எல்லாருக்கும் இரண்டாம் பக்கம்தான் பிடிக்கும், நான் முதற்பக்கக்காரன். 1995 ஒக்டோபர் 30 இரவு குடாநாட்டின் வலிகாமம் பகுதிச் சனம் முழுவதும் ஊரைவிட்டு நாவற்குழிப் பாலத்தால் நடந்த பிறகு அந்தப் பக்கத்தை வேறு விதமாகக் கேட்கிறேன். அதை இங்கே விரிக்க விருப்பமில்லை.

எட்டு, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1986. தியாகராஜருக்கும் ஜேர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கையாக்கியது, வயலின் வி. எஸ். நரசிம்மன். கடைக்காரர் பதிந்து தரும்போது ‘தம்பி, இதில பாட்டொண்டும் இல்லை, பிறகு எனக்குக் குறை சொல்லக்கூடாது’ என்று முற்கூட்டியே சொன்னார். பாக்கின் வயலின் துண்டொன்று ஓடிக்கொண்டிருக்க அதன்மேல் இன்னொரு வயலின் நம் ஊர்க் கமகத்தோடு ஏறுகிற இடம் இருக்கிறதே, அதற்காகவே ஒரு சைக்கிள் ரயரைத் தேய்க்கலாம்.

எட்டோடு நிறுத்துகிறேன். பத்து வரவேண்டும் என்று சட்டமில்லை, ஒன்பதாவதாக வைக்க நினைத்ததிலெல்லாம் ஏதோ ஒரு பாட்டைத் தாவியிருக்கிறேன்.

நண்பனின் கோபங்களுக்குப் பதில். ‘ஹோட்டல் கலிபோர்னியா’வில் தலைப்புப் பாட்டுத்தான் முதலாவது. அது முடிந்ததும் இங்கே எல்லாரும் கசெற்றை ரிவைண்ட் பண்ணினார்கள். இரண்டாவது பாட்டின் பெயர் தெரியுமா என்று அவனைக் கேட்டேன், யோசித்தான். ‘த்ரில்லர்’ ஒன்பது பாட்டில் ஏழு அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்த தொகுப்பு, உண்மைதான். எனக்கு அது ஒன்பது தனிப்பாட்டு. அபா, பொனி எம் என்ற குழுக்கள் இரண்டும் கலியாண வீட்டு லவுட்ஸ்பீக்கருக்குச் சொந்தம், விறாந்தைக்கு அல்ல. பொனி எம்மில் ஆடிக்கொண்டிருந்த ஆண் தட்டில் பாடவே இல்லை, அது தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனின் குரல் என்று தெரிந்தபோது எங்கள் சந்தியில் ஒரு கிழமை அதுதான் கதை.

ஈழத்துப் பொப்பிசையை விட்டுவிட்டாயே என்றான். நியாயமான கேள்வி. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’வும் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் இல்லாமல் இங்கே எழுபதுகள் இல்லை. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் அவை வராத நாள் குறைவு. ஆனால் எங்களுக்கு அவை ஒவ்வொரு பாட்டாகத்தான் வந்தன, ஒரு பக்கமாகச் சேர்ந்து வரவில்லை. பாட்டுகளுக்குத் தனி வரிசை போடும்போது ‘சின்ன மாமியே’ எங்கே வரும் என்று என்னைக் கேட்கவே தேவையில்லை.

கடைசியாக அவன் தூக்கிக்கொண்டு வந்தது ‘ப்ரியா’. 1978, இளையராஜா. அதற்காக அவன் எழும்பி நின்றே வாதாடினான். ‘தமிழில முதல் ஸ்டீரியோ மச்சான்! இடப்பக்கம் ஒரு வாத்தியம், வலப்பக்கம் ஒரு வாத்தியம்...’

‘உங்கட வீட்டு நாஷனல் கசெற் பிளேயரில எத்தினை ஸ்பீக்கர்?’ என்று கேட்டேன்.

‘ஒண்டு’ என்றான்.